பக்கத்தை அழித்தாச்சு, கூகுளில் மட்டும் ஏன் இன்னும் வருது?

ஏற்காட்டில் கோடை விழா நெருங்கினாலே எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்குப் போனைப் பார்க்கவே பயம். நாகலூர் பக்கம் காபித் தோட்டத்துக்குள் 3 அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தியவர், மகன் வெளியூர் போனதும் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சேலத்துக்கே இறங்கி வந்துவிட்டார், இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறார். வெப்சைட்டில் இருந்த அறைகள், வாடகை, தொடர்புக்கு என்ற பக்கங்களையெல்லாம் அழிக்கச் சொல்லி, அழித்தும் ஆயிற்று. ஆனால் ஏப்ரல் பிறந்தால் போதும், பெங்களூரிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் ஓயாமல் போன். ஒருத்தர் குழந்தை குட்டியோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு சத்தம் போட்டிருக்கிறார், கூகுளில் போட்டிருக்கிறதே என்று.

"பேஜைத்தான் அழிச்சாச்சே தம்பி, அப்புறம் எப்படி இவங்களுக்கெல்லாம் நம்பர் கிடைக்குது?"

நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்தை அழிப்பது ஒரு வேலை, தேடலிலிருந்து எடுப்பது இன்னொரு வேலை. முதலாவதை முடித்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடுகிறோம். நடக்கும்தான், ஆனால் கூகுளுக்குத் தோதுப்படும்போது. நாம் தேடுகிற நொடியில் கூகுள் ஓடிப்போய் இணையத்தைப் பார்ப்பதில்லை. கூகுள்பாட் என்கிற அதன் தானியங்கி எப்போதோ வந்து பார்த்து எழுதிவைத்ததை, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கர் பேரேட்டைப் புரட்டுவது மாதிரி புரட்டிக் காட்டுகிறது. நீங்கள் கடையைக் காலி செய்துவிட்டாலும் கணக்கர் நேரில் வந்து பார்த்து அடிக்கிறவரை பேரேட்டில் பெயர் இருக்கத்தான் செய்யும். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் செய்தித் தளத்துக்குப் பாட் ஓயாமல் வந்துபோகும். 3 அறை ஹோம்ஸ்டேயின் வாடகைப் பக்கத்துக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் எட்டியே பார்க்காது.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. அது வரும்போது "இங்கே ஒன்றும் இல்லை" என்ற பதில் சரியான மொழியில் கிடைக்க வேண்டும், அது வருகிறவரைக்கும் பழையதை மறைத்துவைக்கச் சொல்ல வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் வேலை கெடும். நான் ஒரு தடவை கெடுத்தேன், அது கீழே வருகிறது.

எது எது கிடக்கிறது என்று பாருங்கள்

கூகுள் பெட்டியில் ஆங்கில எழுத்தில் சைட் என்று அடித்து, இரட்டைப் புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, ஒட்டி அடித்தால், அந்தத் தளத்திலிருந்து கூகுள் வைத்திருக்கிற பக்கங்கள் வரும். முழுப் பட்டியல் என்று நம்ப வேண்டாம், மேலோட்டம்தான். அப்புறம் போன் நம்பரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்: சேர்த்து ஒரு தடவை, ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒரு தடவை, முன்னால் 91 போட்டு ஒரு தடவை. அக்காவின் நம்பருக்கு 4 பக்கம் வரும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், வந்தது 11. அதில் 6 அவருடைய தளம். மீதியெல்லாம் சுற்றுலாத் தகவல் தருகிறோம் என்று யார் யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டவை.

ஒவ்வொன்றின் முகவரியையும் தேடல் முடிவிலிருந்தே காப்பி செய்து ஒரு ஷீட்டில் ஒட்டிவையுங்கள். நினைவிலிருந்து அடிக்காதீர்கள், ஆங்கிலச் சின்ன எழுத்து பெரிய எழுத்து மாறினாலே அது வேறு முகவரி. ஒட்டியதைத் தன் தளம், பிறர் தளம் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் வழி வேறு, இதைக் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் தவறான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சர்வர் என்ன சொல்கிறது?

நீங்கள் ஒரு முகவரியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சர்வர், அதாவது தளம் இருக்கிற கம்ப்யூட்டர், பக்கத்தோடு ஒரு எண்ணையும் அனுப்புகிறது. நம் கண்ணில் படாது, கூகுள்பாட் முதலில் பார்ப்பது அதைத்தான். 200 என்றால் பக்கம் இருக்கிறது. 301 என்றால் நிரந்தரமாக வேறு முகவரிக்கு மாறிவிட்டது. 404 என்றால் இல்லை. 410 என்றால் இருந்தது, எடுத்துவிட்டோம், இனி வராது. 503 என்றால் இப்போது முடியவில்லை, அப்புறம் வா.

அக்காவின் தளத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் அழித்துவிட்டோம் என்று சொன்னது பொய்யில்லை. அழித்த முகவரியைத் திறந்தால் பின்னணியில் மிளகுக் கொடி படத்தோடு "மன்னிக்கவும், நீங்கள் தேடும் பக்கம் இல்லை" என்று அழகாகத்தான் வந்தது. எண்ணைப் பார்த்தேன்: 200. வீட்டுக்காரரே கதவைத் திறந்து நின்று "வீட்டில் யாரும் இல்லை" என்று சொன்ன கதை. இதற்குச் சாஃப்ட் 404 என்று பெயர். கூகுளும் இப்படிப்பட்டவற்றை மோப்பம் பிடித்து விலக்கப் பார்க்கும், ஆனால் அதன் ஊகத்தை நம்பி நாம் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும், எண்ணை மாற்றச் சொன்னால் அரைமணி நேர வேலை.

எண்ணை எப்படிப் பார்ப்பது? கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற டேபுக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றினால் முதல் வரியில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் இருக்கும். போனில்தான் வேலை பார்க்கிறீர்கள் என்றால் ஸ்டேட்டஸ் செக்கர் என்று தேடினால் இலவசமாகச் சோதித்துச் சொல்லும் தளங்கள் நிறைய உண்டு, முகவரியை ஒட்டினால் எண்ணைக் காட்டிவிடும்.

404 நல்லதா 410 நல்லதா என்று சிலர் சண்டை போடுவார்கள். 410 கொடுத்தால் கொஞ்சம் சீக்கிரம் போகலாம், அவ்வளவுதான், நீண்ட காலத்தில் இரண்டும் ஒன்றே. 410 வைப்பது உங்களுக்குச் சுலபம் என்றால் வையுங்கள், இல்லையென்றால் 404 தாராளமாகப் போதும். ஆனால் அழித்த பக்கங்களையெல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதையும் கூகுள் பெரும்பாலும் சாஃப்ட் 404 என்றே எடுத்துக்கொள்ளும், பார்க்க வந்தவருக்கும் எங்கே வந்தோம் என்று புரியாது. பழைய பக்கத்துக்கு நிஜமாகவே பதிலாக ஒரு புதுப் பக்கம் இருந்தால் 301 போடலாம்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளம் வைத்திருப்பவர்கள் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அது அதிகப்பிரசங்கி: இல்லாத முகவரியை யாராவது கேட்டால், அதேபோலத் தொடங்கும் வேறு பக்கம் ஏதாவது இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார் என்று தானே ஊகித்து அங்கே திருப்பிவிடும், அழித்த வாடகைப் பக்கம் பழைய இன்னொரு வாடகைப் பக்கத்துக்குப் போய் நிற்கும், நீங்கள் 404 என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு, பக்கத்தை அழித்தால் அதில் ஏற்றிய படங்களும் பிடிஎஃப்களும் அழியாது, மீடியா லைப்ரரியில் அப்படியே கிடக்கும், அவற்றுக்குத் தனி முகவரி உண்டு, கூகுளுக்கும் அது தெரியும். மூன்று, பக்கங்களின் நகலை வைத்துக்கொண்டு வேகமாகக் கொடுக்கிற கேஷ் பிளகினோ (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணைக் கருவி) கிளவுட்ஃபிளேர் மாதிரிச் சேவையோ இருந்தால் அழித்த பக்கத்தின் நகலை அது கொஞ்ச காலம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், அந்த நகலைப் பர்ஜ் செய்து துடைத்துவிட்டு அப்புறம் எண்ணைப் பாருங்கள்.

பக்கம் இருக்க வேண்டும், தேடலில் மட்டும் வரக்கூடாது என்றால் அதற்கு நோஇண்டெக்ஸ் என்ற மெட்டா டேக், பக்கத்துக்குள் நம் கண்ணில் படாமல் இருக்கும் ஒரு குறிப்பு. யோஸ்ட், ரேங்க் மேத் மாதிரி பிளகின் வைத்திருந்தால் பக்கத்தின் அமைப்பிலேயே இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டலாமா என்று கேட்கும், வேண்டாம் என்று வைத்தால் சரி. தளம் முழுவதற்கும் என்றால் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில் ஒரு டிக். அதை மறந்து விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துப் புதுத் தளம் கூகுளில் வரவே இல்லை என்று புலம்புகிறவர்களும் உண்டு.

நான் செய்த தப்பு

இது அக்காவுக்கு முன்னால், என் சொந்த அவசரத்தில் நடந்தது. வாடிக்கையாளர் ஒருவருடைய பழைய பக்கங்கள் கூகுளில் வரக்கூடாது, சரி, கூகுள்பாட்டை உள்ளேயே விடாமல் தடுத்துவிட்டால் முடிந்ததே என்று தானியங்கிகள் வந்ததும் படிக்கிற ரோபாட்ஸ் கோப்பில் டிஸ்அலவ் (அனுமதி இல்லை) என்று ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாகத் தட்டுவடை செட் சாப்பிடப் போய்விட்டேன். மூன்று மாதம் கழித்தும் பக்கங்கள் தேடலில் அப்படியே இருந்தன. வித்தியாசம் ஒன்றுதான், கீழே இரண்டு வரி விவரம் வரும் இடத்தில், இந்தப் பக்கத்துக்கு விவரம் எதுவும் கிடைக்கவில்லை என்ற மாதிரி ஒரு வாசகம்.

நடந்தது இதுதான். ரோபாட்ஸ் கோப்பு 1994-லிருந்து இருக்கிற ஏற்பாடு, 2022-ல்தான் முறையான தர வரைவாக ஆனது, அதன் வேலை உள்ளே வராதே என்று சொல்வது மட்டும். பட்டியலிலிருந்து எடு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நான் பக்கங்களை 404 ஆக்கியிருந்தேன், சிலவற்றில் நோஇண்டெக்ஸும் போட்டிருந்தேன், ஆனால் அதையெல்லாம் வந்து பார்க்க வேண்டிய ஆளையே வாசலில் மறித்துவிட்டேன். ஏற்காட்டு மலையில் வீட்டை இடித்துவிட்டு, அதைப் பார்த்துக் கணக்கில் அடிக்க வருகிற ஆளை அடிவாரத்து செக்போஸ்டிலேயே திருப்பி அனுப்பினால் அவன் ஊருக்குள் என்ன சொல்வான்? மேலே வீடு இருக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பான், அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

முன்பு சிலர் ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதிவந்தார்கள், அது கொஞ்சம் வேலை செய்ததும் உண்மை. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதை மதிப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. பழைய யூடியூப் வீடியோக்களில் இன்னும் அந்த யோசனை உலவுகிறது, கேட்காதீர்கள்.

ஆக, டிஸ்அலவ் வரி இருந்தால் முதலில் அதை எடுங்கள். பாட் உள்ளே வரட்டும், 404-ஐயோ நோஇண்டெக்ஸையோ பார்க்கட்டும், தேடலிலிருந்து பக்கம் போகட்டும், அதற்குப் பிறகு வேண்டுமானால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அதுவரை மறைத்துவைக்க

இங்கேதான் சர்ச் கன்சோல் வருகிறது. கூகுளின் இலவசச் சேவை, ஆனால் தளம் உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டும்: அவர்கள் கொடுக்கும் ஒரு கோப்பைத் தளத்தில் ஏற்றலாம், முகப்புப் பக்கத்தில் ஒரு டேக் சேர்க்கலாம், இல்லையென்றால் டொமைன் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரி சேர்க்கலாம். டிஎன்எஸ் வழியே நல்லது, துணை டொமைன்கள் எல்லாமே ஒரே கணக்கில் வந்துவிடும். சிக்கல் பெரும்பாலும் தொழில்நுட்பத்தில் இருக்காது. வெப்சைட் செய்துகொடுத்த பையன் தன் பெயரிலேயே டொமைனை வாங்கி வைத்துக்கொண்டு வேலை மாறிப் போயிருப்பான், பாஸ்வேர்டு யாரிடமும் இருக்காது. அக்காவிடம் அதைத் தேடி எடுக்கவே எங்களுக்கு 9 நாள் ஆயிற்று. உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், தேவை வரும் நாளில் பார்த்தால் தலைவலி.

உள்ளே போனதும் இடப்பக்க மெனுவில் இண்டெக்ஸிங் என்பதற்குக் கீழே ரிமூவல்ஸ் இருக்கும். நியூ ரிக்வெஸ்ட் அழுத்தினால் இரண்டு வழி காட்டும். டெம்பரரி ரிமூவ் யூஆர்எல் என்பது அந்த முகவரியைச் சுமார் 6 மாதம் தேடலில் காட்டாமல் மறைக்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நடந்துவிடும். கிளியர் கேஷ்டு யூஆர்எல் என்பது முகவரியை விட்டுவிட்டு அடியில் வருகிற பழைய விவர வரிகளை மட்டும் துடைக்கும், பக்கம் இருக்க வேண்டும், பழைய வாடகையோ நம்பரோ மட்டும் தெரியக்கூடாது என்றால் அதுதான் உங்களுக்கு.

பெயரிலேயே டெம்பரரி என்று இருப்பதை யாரும் படிப்பதில்லை. இது அழிப்பது இல்லை, திரை போட்டு மூடுவது. 6 மாதம் முடிந்ததும் திரை தானாக விலகும், அதற்குள் பக்கம் 404 ஆகவோ நோஇண்டெக்ஸாகவோ மாறியிருக்காவிட்டால் பழையபடி வந்து நிற்கும். அதனால்தான் சர்வர் பதிலைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேன்.

இன்னொரு குழி. தனி முகவரி மட்டும் என்பதற்குப் பக்கத்திலேயே, இந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லா முகவரியும் என்று ஒரு தேர்வு இருக்கும். நிறையப் பக்கங்களை ஒரே அடியில் எடுக்க அருமையான வழி, ஆனால் அது எழுத்தை மட்டும்தான் பார்க்கும். ரூம் என்று கொடுத்தால் ரூம்ஸ் என்று தொடங்குவதும் போகும், ரூமுக்குப் பின்னால் கோடு போட்டு எழுதிய கட்டுரையும் போகும். முகப்புப் பக்கத்தைக் கொடுத்து இதைத் தேர்ந்தெடுத்தால் தளம் மொத்தமும் காணாமல் போய்விடும். அதேபோல மூன்று டபிள்யூ போட்ட முகவரியை எடுத்துவிட்டு அது போடாததை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள், இரண்டையும் ஒன்றாகத்தான் மறைக்கும். பதறாமல் இருந்தால் சரிசெய்துவிடலாம், கொடுத்த கோரிக்கையைப் பட்டியலில் தேடி ரத்து செய்தால் மறுபடி வந்துவிடும்.

எல்லா 404-க்கும் இதைச் செய்துகொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். யாருக்கும் தொல்லை தராத பழைய பக்கம் தானாகவே ஒருநாள் போய்விடும். சர்ச் கன்சோலில் 404 என்று சிவப்பாகவோ சாம்பலாகவோ பட்டியல் காட்டுகிறது என்பதற்காகப் பதற வேண்டியதில்லை, இல்லாத பக்கத்துக்கு 404 வருவதுதான் சரி. போன் நம்பர், பழைய விலை, தவறாகப் பொதுவில் ஏறிய ஆவணம் மாதிரி அவசரங்களுக்கு மட்டும் இந்தக் கருவி.

டொமைனைக் கைவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அக்கா ஒரு யோசனை சொன்னார். நான் கெஞ்சித் தடுத்தேன். டொமைன் போய்விட்டால் சர்ச் கன்சோலில் உரிமையும் போய்விடும், மறைக்கச் சொல்ல ஆளில்லை. அதைவிட மோசம், காலாவதியான டொமைன்களை வாங்கிச் சூதாட்டப் பக்கம் போடுவதே தொழிலாக வைத்திருக்கிறார்கள், அப்புறம் உங்கள் ஹோம்ஸ்டே பெயரைத் தேடினால் ரம்மி வரும். வேலை முடிகிறவரைக்காவது புதுப்பித்து வையுங்கள், ஒரு குடும்பம் ஒருநாள் ஏற்காடு போய்வரும் செலவைவிடக் குறைவாகத்தான் வரும்.

அடுத்தவர் தளத்தில் இருந்தால்

மீதி 5 பக்கத்துக்கு சர்ச் கன்சோல் உதவாது, அந்தத் தளம் உங்களுடையதில்லையே. முதலில் அந்தத் தளத்தாருக்கு எழுதுங்கள். சுருக்கமாக, எந்த முகவரி, எந்த வரி தவறு, ஏன் எடுக்க வேண்டும், அவ்வளவு போதும். சட்ட நடவடிக்கை என்று முதல் கடிதத்திலேயே மிரட்டினால் பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். நான் எழுதியதில் 3 தளங்கள் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிட்டன.

எடுத்த பிறகும் கூகுளில் பழையதே தெரிந்தால், அதற்கு ரெஃப்ரெஷ் அவுட்டேட்டட் கன்டென்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. கூகுள் கணக்கு இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எந்தத் தளத்துக்கும் பயன்படுத்தலாம். முகவரியை ஒட்டுங்கள். பக்கமே போய்விட்டது என்றால் அது சோதித்துப் பார்த்து எடுத்துவிடும். பக்கம் இருக்கிறது, உங்கள் விவரம் மட்டும் நீக்கப்பட்டிருக்கிறது என்றால், பழைய முடிவில் தெரிகிற, இப்போது அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லாத ஒரு சொல்லைக் கேட்கும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். அக்கா "ஏற்காடு" என்று கொடுத்திருந்தார், அந்தப் பக்கம் முழுக்க ஏற்காடுதான், கோரிக்கை தள்ளுபடி. மறுநாள் அவருடைய நம்பரையே கொடுத்தோம், ஒத்துக்கொண்டது. பக்கத்தில் எதுவும் மாறாமலே இந்தக் கருவியில் விண்ணப்பித்தால் நேரம்தான் வீண்.

இரண்டு தளங்கள் பதிலே சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்தில், 2022-லிருந்து கூகுள் தனிப்பட்ட போன் நம்பர், வீட்டு முகவரி, மின்னஞ்சல் போன்றவற்றைக் காட்டும் முடிவுகளை எடுக்கச் சொல்லித் தனிநபர்கள் கேட்க வழி வைத்திருக்கிறது. வங்கிக் கணக்கு எண், அடையாள எண், கையெழுத்தின் படம், மருத்துவ ஆவணம் இவற்றுக்கு அதற்கு முன்பே வழி இருந்தது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணாதீர்கள், செய்தியிலோ அரசுத் தளத்திலோ இருந்தால், பொதுமக்களுக்குப் பயன் இருக்கிறது என்று அவர்கள் கருதினால், மறுத்துவிடுவார்கள். இன்னொன்று, கூகுள் ஒத்துக்கொண்டாலும் மறைவது கூகுளில்தான், அந்தத் தளத்தில் பக்கம் கிடந்துகொண்டேதான் இருக்கும்.

படமும் பிடிஎஃப்பும்

சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. வியாபாரிகளுக்கு மட்டும் என்று போட்ட கூலி விவரப் பிடிஎஃப், பட்டறைப் பெயரைத் தேடினால் முதலாவதாக வந்து நின்றது, சில்லறைக்கு வருகிறவர்கள் போனைக் காட்டி இந்த ரேட்டுக்குக் கொடு என்றார்கள். பக்கத்தில் இருந்த லிங்க்கை எடுத்துவிட்டேனே என்றார். லிங்க்கை எடுத்தாலும் கோப்பு சர்வரில்தானே இருக்கிறது. கோப்பையே அழித்துவிட்டு, அதன் முகவரியை ரிமூவல்ஸில் கொடுத்ததும் முடிந்தது. அழிக்க முடியாது, வியாபாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்றால், பிடிஎஃப்புக்குள் மெட்டா டேக் போட முடியாது, ஆகவே கோப்போடு சேர்த்து சர்வர் அனுப்பும் ஹெட்டர் என்ற குறிப்பில் எக்ஸ் ரோபாட்ஸ் டேக் என்று ஒன்றைச் சேர்த்து நோஇண்டெக்ஸ் சொல்ல வேண்டும். அப்பாச்சி சர்வர் என்றால் எச்டிஅக்சஸ் கோப்பில் மூன்று வரி, ஹோஸ்டிங்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே செய்துகொடுப்பார். அதைவிட, பாஸ்வேர்டுக்குப் பின்னால் வைத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி.

படங்களுக்குப் பக்கத்தின் முகவரி வேறு, படத்தின் முகவரி வேறு. கூகுள் இமேஜஸில் படத்தைத் திறந்து, அந்தப் படக் கோப்பின் முகவரியையே எடுத்துக் கொடுக்க வேண்டும். வேர்ட்பிரஸ் ஒரே படத்தை நான்கைந்து அளவில் சேமித்துவைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேப்பை மறந்துவிட்டேன்

இவ்வளவும் செய்து முடித்து ஒரு வாரம் கழித்து அக்கா கூப்பிட்டார், போன் இன்னும் வருகிறதாம். எனக்கே வெறுத்துவிட்டது. வந்த ஒருவரிடமே எங்கே பார்த்தீர்கள் என்று கேட்கச் சொன்னேன். கூகுள் மேப். பிசினஸ் புரொஃபைல் என்பது வெப்சைட்டோடு சம்பந்தமே இல்லாத தனிக் கணக்கு, தேடலில் வலப்பக்கம் படம், நட்சத்திரம், போன் பொத்தானோடு பெரிதாக நிற்பது அதுதான், நிஜத்தில் முக்கால்வாசிப் போன் அதிலிருந்தே வந்திருக்கிறது. உங்கள் கணக்கில் நுழைந்து நிரந்தரமாக மூடப்பட்டது என்று குறித்துவிட்டு நம்பரையும் எடுத்துவிடுங்கள். கணக்கு கையில் இல்லையென்றால் மேப்பில் சஜஸ்ட் அன் எடிட் வழியாகச் சொல்லலாம். ஹோம்ஸ்டே, கடை, கிளினிக் வைத்திருந்தவர்கள் இதிலிருந்தே ஆரம்பியுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

கூகுளுக்கு வெளியே: மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் வெப்மாஸ்டர் டூல்ஸில் பிளாக் யூஆர்எல் என்று இதேபோல ஒன்று உண்டு, 90 நாள் மறைக்கும், சர்ச் கன்சோல் கணக்கிலிருந்தே தளத்தை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்பதால் பத்து நிமிட வேலை. யாஹூவும் டக்டக்கோவும் பெரும்பாலும் பிங்கின் முடிவுகளைத்தான் எடுத்துக் காட்டுகின்றன, அங்கே தனியாக அலைய வேண்டாம். பக்கத்தின் பழைய நகலைக் காட்ட, தேடலில் முன்பு இருந்த கேஷ்டு லிங்க்கைக் கூகுள் 2024-ல் எடுத்துவிட்டது, ஆனால் இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய நகல் இருக்கலாம். உரிமையாளர் என்று காட்டி அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம்.

வாடகை, நம்பர் என்று இல்லாமல், அனுமதியில்லாமல் யாரோ போட்ட அந்தரங்கப் படம் என்றால் மேலே சொன்ன வரிசையெல்லாம் உங்களுக்கு இல்லை. கூகுளில் அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது, அதை உடனே நிரப்புங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் முகவரியும் எடுத்துவைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ 1930 எண்ணிலோ புகார் கொடுங்கள். பழைய வழக்குத் தீர்ப்பில் பெயர் வருகிறது என்பவர்களுக்குப் படிவத்தால் காரியம் ஆகாது, வக்கீல்தான். விடுதலையான ஒருவரின் பெயரை மறைக்கச் சொல்லி மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

அக்காவுக்காக நான் கொடுத்த 6 மாதக் கெடு அக்டோபர் கடைசியில் முடிந்தது. காலண்டரில் குறித்து வைத்திருந்ததால் அன்றைக்கே தேடிப் பார்த்தேன், கூகுளில் ஒன்றும் வரவில்லை. பிங்கில் மட்டும் ஒரு படம் மாட்டியது, சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகுக் கொடி, 404 பக்கத்தில் இருந்த அதே படம். அனுப்பிக் கேட்டேன், எடுத்துவிடவா என்று.

"அது இருக்கட்டும் தம்பி. நம்பர் ஒண்ணும் இல்லையே அதுல?"